2000 வோல்ட்டும் ஒரு துக்கடா கண்ணாடியும்

கரண்ட்டைக் கண்ணால பார்க்க முடியாது. அப்புறம் எப்படி அளக்கறது? 1820ல டென்மார்க்கைச் சேர்ந்த அர்ஸ்டெட், கம்பியில் மின்சாரம் போனா பக்கத்துல இருக்கிற காந்த ஊசி திரும்புதுன்னு கண்டுபிடிச்சார். அந்தக் கம்பியையே பல சுற்று சுத்தினா ஊசி இன்னும் நல்லாத் திரும்பும். அதுதான் கால்வனாமீட்டர். காலேஜ் லேப்ல ஓரமா தூசி படிஞ்சு கிடக்குமே, அதேதான் :-)

இந்த அப்பாவிக் கருவி ஒரு பெரிய சண்டைக்கு நடுவுல மாட்டின கதை இது.

1858 ஆகஸ்ட் 5. அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் நடுவுல, அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதல் தந்திக் கேபிள் போட்டு முடிச்சாங்க. விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு வாழ்த்து அனுப்பினாங்க. நூறு வார்த்தைகூட இல்லை. போய்ச் சேர சுமார் 16 மணி நேரம்!

ஏன் இவ்வளவு லேட்? உள்ளே தாமிரக் கம்பி, அதைச் சுத்தி கட்டாபெர்ச்சா உறை, வெளியே உப்புத் தண்ணி. மொத்தக் கேபிளும் ஒரு நீ...ளமான மின்தேக்கி. இந்தப் பக்கம் 'டக்'குன்னு அனுப்பினா, அந்தப் பக்கம் இழுத்துப் பூசின மாதிரி மெதுவா ஏறி மெதுவா இறங்கும்.

கம்பெனியின் எலக்ட்ரீஷியன் வைல்ட்மேன் வொயிட்ஹவுஸ், படிப்பால் அறுவை மருத்துவர். "சிக்னல் வரலையா? இன்னும் ஓங்கி அடி"ங்கறது அவர் கட்சி. ராட்சத இண்டக்‌ஷன் காயில்களை வச்சு சுமார் 2000 வோல்ட் ஏத்தினார்.

எதிர்க்கட்சி, கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன் (பின்னாளில் லார்டு கெல்வின்). "அனுப்பறதைக் கூட்டாதே, பார்க்கறதைக் கூர்மையாக்கு"ங்கறது அவர் கட்சி. ஒரு குட்டிக் கண்ணாடி, அதன் முதுகில் ஒட்டின துளி காந்தம், தொங்கவிட பட்டு நூல், சுத்தி காயில். விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, தள்ளி இருக்கிற அளவுகோலில் புள்ளியா விழும். கண்ணாடி மயிரிழை திரும்பினாலும் புள்ளி நல்லா நகரும். எடையே இல்லாத ஒளிதான் இதுல முள்!

ஏற்கனவே குறையுள்ள கேபிள். 2000 வோல்ட் அதோட கதையை முடிச்சுது. செப்டம்பர் ஆரம்பத்திலேயே உபயோகமில்லாமப் போச்சு. இதுல காமெடி என்னன்னா, வந்த செய்திகளை வொயிட்ஹவுஸே தாம்சனோட கண்ணாடிக் கருவியிலதான் படிச்சிருக்கார். ஆனா தன் கருவியில வந்ததாச் சொல்லிக்கிட்டார். கம்பெனி அவரை வேலையை விட்டுத் தூக்கிடுச்சு.

அந்தக் காலத்தில் 'வோல்ட்'னு பொதுவான ஒரு அலகே கிடையாதுங்கறதையும் கவனிக்கணும். அலகே இல்லாம எவ்வளவு ஏத்தறோம், எவ்வளவு தாங்கும்னு யார் சொல்றது? 1861ல பிரிட்டிஷ் அசோசியேஷன் மின்தடைக்கு ஒரு பொது அளவு உண்டாக்க கமிட்டி போட்டது. தாம்சனும் அதுல உண்டு. 1881ல பாரிஸ் மாநாட்டில் ஓம், வோல்ட், ஆம்பியர் மூணும் உலகப் பொது ஆச்சு.

1866ல புதுக் கேபிள் ஜெயிச்சுது. முந்தின வருஷம் பாதியில் அறுந்ததையும் மீட்டு முடிச்சாங்க. ரெண்டையும் நியூஃபவுண்ட்லாந்தில் ஒண்ணா இணைச்சு, லாட்டிமர் கிளார்க் ஒரு வேலை பண்ணினார். தைக்கிறவங்க விரல்ல மாட்டுற வெள்ளி உறை ஒண்ணு, அதுக்குள்ள கொஞ்சம் அமிலம், ஒரு துண்டு துத்தநாகம். அவ்வளவுதான் பேட்டரி. அட்லாண்டிக்கைப் போக வர ரெண்டு தடவை கடந்து சிக்னல் வந்துச்சு. கண்ணாடிப் புள்ளி அழகா நகர்ந்துச்சு.

2000 வோல்ட்டால ஆகாததை விரல் நுனி பேட்டரி சாதிச்சுடுச்சு. சர்வர் படுத்தா, லாக் என்ன சொல்லுதுன்னு பார்க்காம ரீஸ்டார்ட் மேல ரீஸ்டார்ட் அடிக்கற நம்ம சங்கத்து ஆளுங்க, வொயிட்ஹவுஸை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க மக்களே!