நெல்லோப்டோடிஸ் கிரேட்டே

கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யா தேசத்தில் மண்ணிலும் உதிர்ந்த சருகிலும் வசிக்கும் இந்நுண்ணிய வண்டினம், இறகு போன்ற மயிர்விளிம்புச் சிறகுகளால் பிரசித்தி பெற்ற டிலியிடே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், சிறகும் கண்ணும் அற்றது. வெளிர்மஞ்சள் கலந்த பொன்னிறமும், 0.79 மில்லிமீட்டர் நீளமும் உடையது.

1964–65ஆம் ஆண்டுகளில் வில்லியம் பிளாக் என்பார் சேகரித்து, பின்னர் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை அடைந்த மாதிரிகள் நெடுங்காலம் பெயரின்றிக் கிடக்க, அவற்றைப் பரிசோதித்த மைக்கேல் டார்பி, 2019இல் இதனைப் புதிய பேரினத்தின்கீழ்ப் புதிய சிற்றினமாக வருணித்து, இதன் நீண்ட உணர்கொம்புகள் சுவீடன் தேசத்துச் சூழலியல் செயற்பாட்டாளர் கிரேட்டா துன்பெர்க்கின் பின்னிய சடையை ஒத்திருத்தலையும் கருதி, அவர்தம் நாமத்தைச் சூட்டினார்.

இக்குடும்பத்து வண்டுகள் பெரும்பாலும் மக்கும் தாவரப் பொருள்களிடையே வாழ்ந்து, பூஞ்சைகளின் வித்திகளையும் இழைகளையும் ஆகாரமாகக் கொள்வன.