படிக்கட்டும் பாமினியும்

ஹந்தானை அடிவாரத்துக்கு இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் கொழும்பிலிருந்து இடம்மாறி வந்தது. பேராதனை அழகு என்று எல்லாரும் சொல்லுவாங்க. அந்தச் சரிவில் ஏறினால் படி, இறங்கினாலும் படி. சக்கர நாற்காலியில வாறவர் என்ன செய்வார்?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவன அனுமதியில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்றது. 2006இல் கட்டடங்களுக்கான அணுகல் விதிகள் வந்தன. சரி, உள்ளே வந்தாச்சு. பிறகு?

பார்வையற்ற மாணவர் பெரும்பாலும் சேருவது கலைப்பீடத்தில்தான். அவங்களுக்குப் படியைவிடப் பெரிய தடை பாமினி எழுத்துரு. நமக்குத் திரையில் தெரியிற 'அ', கணினிக்கு வெறும் ஆங்கில 'எம்'. திரைவாசிப்பான் அப்படியே உளறும். ஸ்கேன் பண்ணின நோட்ஸ் என்றால் உளறல்கூட இல்லை. இத்தனைக்கும் யுனிகோடில் தமிழ் 1991இலேயே வந்துட்டுது. என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை 2006இல் தொடங்கின ஆஸ்திரேலியரும் பார்வையற்றவர்தான்.

விரிவுரையாளர் நோட்ஸை யுனிகோடில், வகுப்புக்கு முன்னமே அனுப்பலாம். பலகையில எழுதுறதை வாயாலயும் சொல்லலாம். மேலதிக நேரம் கேட்டு வாறவரிட்ட எல்லாருக்கும் முன்னால காரணம் கேக்காம இருக்கலாம். இதுக்கெல்லாம் வர்த்தமானி வேணுமா?

போன வாரம் நண்பன் ஒருத்தனுக்கு இருபது பக்கம் வாசிச்சுக் காட்டினேன். எல்லாம் பாமினி. யுனிகோடுக்கு மாத்துற கருவி இணையத்தில் சும்மா கிடைக்குது, ஒரு நிமிஷ வேலை.