சோழவரம்: வேகமும் விலையும்

இந்திய மோட்டார் பந்தய வரலாறு என்று நம்மிடம் இருப்பது பெரும்பாலும் ஜெயித்தவர்களின் பட்டியல்தான். யார் காசு, யார் கை என்ற கேள்விகள் அதற்குள் நுழைவதில்லை. கோவை கரிவர்தனை முன்வைத்து அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

மதுராந்தகமும் சோழவரமும் 1997 வரை ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தின் தெற்கும் வடக்கும். தெற்கே ஏரிப்பாசனம், வடக்கே இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம். போர் முடிந்து சும்மா கிடந்த அந்தத் தளத்தில், 1953இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. கோண்டல் மகாராஜா, விஜய் மல்லையா போன்றோர் வெளிநாட்டுக் கார்களோடு வந்தார்கள். மற்றவர்கள் வெயிலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஆலைமுதலாளி குடும்பத்தில் 1954இல் பிறந்த கரிவர்தனும் அந்த வட்டத்து ஆள்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் ஓட்டியதோடு நிற்கவில்லை. பட்டறையில் கார் கட்டினார். 1980களின் இறுதியில் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினில் ஓடியது. தெருமுனை மெக்கானிக்கும் பிரித்துப் போடத் தெரிந்த எஞ்சின் அது. எல்லாருக்கும் ஒரே வகைக் கார் என்பதால், காசு கொடுத்து வேகம் வாங்குவது குறைந்தது. அதே மாவட்டத்தில், இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் நிரந்தரப் பந்தயப்பாதை வந்தது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன், தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர். கரிவர்தன் 1995இல் சிறுவிமான விபத்தில் இறந்தார்.

இதை ஜனநாயகப்படுத்தல் என்று சொல்லிவிடலாமா?

அமெரிக்காவில் சார்லி விக்கின்ஸ் என்ற கறுப்பின மெக்கானிக் இருந்தார். தன் காரைத் தானே கட்டியவர். பந்தயங்களை ஆண்ட அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. அவர்கள் 1924இல் இண்டியானாபொலிஸில் தங்களுக்கென்று தனிப் பந்தயம் தொடங்கினார்கள். விக்கின்ஸ் அதில் நான்கு முறை வென்றார். 1936இல் அதே பந்தயத்தில் ஒரு காலை இழந்தார். அங்கே விலக்கு நிறத்தின் பேரில், வெளிப்படையாக நடந்தது.

இங்கே அப்படியொரு விதி தேவைப்படவே இல்லை. காரின் விலையே வாசல்காவல் பார்த்தது. கரிவர்தன் அந்த விலையை இறக்கினார். அது சின்ன காரியமில்லை. ஆனாலும் ஸ்பேனர் பிடித்தவன் ஸ்டியரிங் பிடிக்கும் அளவுக்கு அது இறங்கவில்லை. விக்கின்ஸின் பேராவது மிஞ்சியது. சோழவரத்தில் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் பேரு என்ன? அவர்களில் சிலராவது இன்னும் நம்மிடையே இருப்பார்கள். பந்தய வரலாறு எழுதப் போகிறவர்கள் கோப்பைகளை எண்ணுவதற்கு முன்னால் அவர்களிடம் போய்க் கேட்கட்டும்.