கோப்பையும் தராசும்

பல ஆண்டுகளுக்கு முன், யான் பணிபுரிந்த பாடசாலை ஒன்றின் மனையியல் வகுப்பில் மாணவி ஒருத்தி அமெரிக்க நூலொன்றைப் பார்த்துக் கேக் செய்தாள். மாவைத் தராசில் நிறுத்தாள். நூல் 'ஒரு கோப்பை' என்று கூறிய வெண்ணெயை அங்கிருந்த பழைய அரைப்பைந்துக் கோப்பையால் அளந்தாள். கேக் நெய் கசிந்து நடுவே அமிழ்ந்தது. அவள் கண் கலங்கினாள். கவனக்குறைவு என்று யாமும் கடிந்தோம். உண்மையில் தவறு யாருடையது? வரலாறு விடை கூறும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சமையல் நூல்களில் 'முட்டையளவு வெண்ணெய்' போன்ற குறிப்புகள் பல உண்டு. தாயின் அருகிலிருந்து கற்ற மகளுக்கு அவை போதுமானவை. நூலையே ஆசானாகக் கொண்டவளுக்கோ, எந்த முட்டை என்ற ஐயம் தீராது.

இக்குறையைக் களைய முயன்றவர்களுள் முதன்மையானவர் பொஸ்டன் நகரச் சமையற் பாடசாலையின் அதிபர் ஃபானி ஃபார்மர் அம்மையார். இளமையில் நோயுற்று நடக்க இயலாது கிடந்து, பள்ளிக் கல்வியையும் இடையில் விட்டவர் அவர். 1896 ஆம் ஆண்டில் அவர் எழுதிய சமையல் நூலைப் பதிப்பாளர் ஐயத்தோடே ஏற்றனர். 3,000 படிகளின் அச்சுச் செலவை அவரே தாங்க நேர்ந்தது. அந்நூலோ பின்னர் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. கோப்பையைக் குவிக்காது, வெண்ணெயை இடைவெளியின்றி அழுத்தி நிரப்பி, மேற்பரப்பைக் கத்தியால் மட்டமாக வழிக்க வேண்டும் என்பது அவர் விதி. அவ்வாறு அளந்த இரண்டு கோப்பை வெண்ணெய் ஓர் இறாத்தல் என்று அவர் வரையறுத்தார்.

ஆயின், கோப்பை எங்கும் ஒன்றன்று. 1824 இல் பிரித்தானியா தன் பைந்தை 20 திரவ அவுன்சாக வகுத்தது. அமெரிக்காவோ பழைய அளவைப் பேணி, தன் பைந்தை 16 திரவ அவுன்சாகவே கொண்டது. ஆகவே அமெரிக்கக் கோப்பை ஏறத்தாழ 237 மில்லிலீற்றர். பிரித்தானிய அரைப்பைந்து 284 மில்லிலீற்றர். ஆங்கிலேயர் ஆட்சியில் நாம் பழகியது பின்னையதே. அதனால் அம்மாணவி இட்ட வெண்ணெய் ஐந்திலொரு பங்கு மிகுதியாயிற்று.

இனிக் கணக்கைக் காண்போம். அமெரிக்கக் கோப்பை ஒன்றில் அடங்கும் வெண்ணெய் அரை இறாத்தல், அதாவது 227 கிராம். அரைக் கோப்பை 113 கிராம். மேசைக்கரண்டி ஒன்று ஏறத்தாழ 14 கிராம். உருக்கினால் வெண்ணெயின் கனவளவு சிறிது கூடும்; நிறை மாறாது. காற்றேற அடித்த வெண்ணெய் கோப்பையை நிரப்பினும் நிறையிற் குறையும்.

தராசு இல்லாதார்க்கும் வழியுண்டு. அளவுக் கோப்பையில் அரைக் கோப்பை நீரூற்றி, நீர் மட்டம் முழுக் கோப்பைக்கு உயரும்வரை வெண்ணெய்க் கட்டிகளை இடுக. வெண்ணெய் மிதக்குமாதலின் கரண்டியால் அதனை அமிழ்த்திப் பார்த்தல் வேண்டும். நீரை வடித்தால் எஞ்சுவது அரைக் கோப்பை வெண்ணெய்.

நேயர்களே, அன்று குற்றம் அம்மாணவியிடத்தன்று, கோப்பையிடத்தே இருந்தது. அதை அறியாது கடிந்தமை ஆசிரியராகிய எமது பிழை. கற்பவரைக் குறை கூறுமுன், அவர் கையில் நாம் கொடுத்த அளவுகோலை ஒருமுறை சோதித்தல் நம் கடமையாகும்.