கிணற்றடியில் பழகிய காது

செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிரெட்மில் உறுமினால், விவரமான மெக்கானிக் முதலில் கழற்றுவது மோட்டார் பெல்ட்டை. மோட்டாரில் கை வைப்பது அப்புறம்தான். இந்த வரிசை எங்கே பழகியது என்று தேடிப்போனால் கொங்கு நாட்டுக் கிணற்றடிக்கு வந்து சேர்வோம். மாடு பூட்டிக் கவலை இறைத்த ஊர்களுக்குப் புது வழி திறந்தது, 1930களின் தொடக்கத்தில் வந்த பைக்காரா நீர்மின்சாரம். கோவை மில்களை ஓட்டிய அந்தக் கம்பி பிறகு தோட்டங்களுக்கும் நீண்டது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையில் செய்த மோட்டாரே உள்நாட்டில் உருவான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுகிறது. மோட்டார்கள் பெருகப் பெருக, காயில் கட்டுவதும் பேரிங் மாற்றுவதும் தனித் தொழிலாயின.

இதில் மில்லைவிடக் கிணறே கறாரான வாத்தியார். மில்லில் ஒரு மோட்டார் நின்றால் மாற்று கிடைக்கும். தோட்டத்தில் இருப்பது ஒன்றுதான். அது நின்றால் வாழை வாடும். கிணற்றுக்குள் மேடையில் உட்கார்ந்திருக்கும் மோட்டாரை மேலே தூக்க நாலு ஆள் வேண்டும். ஆகவே கழற்றும் முன்பே குற்றம் எங்கே என்று காது சொல்லியாக வேண்டும். ஸ்குரூ டிரைவர் முனையை பேரிங் மூடியில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டினால் கரகரப்பு எந்தப் பக்கம் என்று தெரியும். சுவிட்சை அணைத்ததும் ரீங்காரம் சட்டென்று நின்றால் கோளாறு மின்சாரப் பக்கம். ஒரு பேஸ் விட்டிருக்கலாம், காயில் வெந்திருக்கலாம். சுற்றித் தணியும்வரை சத்தமும் கூடவே வந்தால் பேரிங்கையோ ஷாஃப்ட்டையோ பார்க்க வேண்டும். கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தால், பழி பம்பினுடையதா மோட்டாரினுடையதா என்பது பிரிந்துவிடும்.

பம்ப் மோட்டார் ஏசி, அதில் பிரஷ் கிடையாது; வீட்டு டிரெட்மில்களில் நெடுங்காலம் இருந்தது கார்பன் பிரஷ் வைத்த டிசி மோட்டார். அந்த அனுபவம் இதற்கு எப்படி உதவும் என்று கேட்பது நியாயமே. தேய்ந்த பிரஷின் கீறல் ஒலியையும் வேகத்தை மாற்றும் போர்டின் கீச்சொலியையும் கிணறு கற்றுத் தந்திருக்காது. ஆனால் அங்கிருந்து வந்தது உதிரிபாக அறிவைவிடப் பெரியது: ஓசையைப் பிரித்துக் கேட்கும் முறை. டிரெட்மில்லில் கப்ளிங்கின் இடத்தில் மோட்டார் பெல்ட் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, பிறகு மோட்டாரை மட்டும் மெதுவாக ஓட்டும்போது சத்தம் போய்விட்டால் குற்றம் உருளையின் பேரிங்கிலோ எண்ணெய் வற்றிய பலகையிலோ இருக்கிறது. அதிர்வை அளக்கக் கருவிகள் வந்துவிட்டனவே, காது எதற்கு என்பாரும் உண்டு. கருவி அதிர்வின் அளவைச் சொல்லும். பெல்ட்டோடு அளப்பதா, கழற்றிவிட்டு அளப்பதா என்பதை ஆள்தான் தீர்மானிக்க வேண்டும். அதைத் தீர்மானிக்காதவர் உருளைக்கு ஆக வேண்டிய செலவைப் புது மோட்டாருக்குக் கொடுத்துவிட்டு, அதே உறுமலின் மேல் நடந்துகொண்டிருப்பார்.