மலாக்கா செட்டிகள்

மலாக்கா நகரின் காஜா பேராங் பகுதியிலே செட்டிக் கிராமம் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரார் பிள்ளை, செட்டி, படையாச்சி என்னும் பெயர்களைத் தாங்கியவர். நெற்றியில் திருநீறு அணிபவர். ஆயினும் தமிழில் வினவினால் அவருட் பலர் மலாய் மொழியிலேயே விடை பகர்வர். மொழியை இழந்தாரைத் தமிழரெனல் தகுமோ என முகஞ்சுளிப்போரும் உளர். அவர்தம் வரலாற்றை அறிந்தார் அங்ஙனம் எளிதில் தீர்ப்புரையார்.

பதினைந்தாம் நூற்றாண்டில், சுல்தான்களின் ஆட்சிக்காலத்தில், சோழமண்டலக் கரையினின்று துணி வாணிகம் செய்யப் போந்த வணிகரின் வழியினர் இவர். பருவக்காற்றை நம்பி ஓடிய அக்காலக் கப்பல்களில் பெண்டிர் வருதல் அரிது. எனவே வணிகர் மலாய், சாவகம், சீனம் முதலாய இனத்து மகளிரை மணந்தனர். பிள்ளைகள் தாயின் மடியிலிருந்து தாயின் பேச்சைக் கற்றனர். தாய்மொழி என்னும் சொல் இவ்விடத்து நேர்ப்பொருளிலேயே பொருந்திற்று! 1511இல் போர்த்துகீசியரும் 1641இல் டச்சுக்காரரும் மலாக்காவைக் கைப்பற்றினர். நாளடைவில் வாணிகம் கைநழுவவே, தாயகத் தொடர்பும் தேய்ந்தது. கடலோடிய குடி உழவிலும் பொற்கொல்லத் தொழிலிலும் இறங்கிற்று.

பின்னாளில் ஆங்கிலேயர் கொணர்ந்த தோட்டத் தொழிலாளர் தமிழைக் காத்தனரே எனலாம். மெய்தான். ஆனால் அவர்க்குத் தமிழ் பேசும் மனைவியர் வாய்த்தனர்; அண்டை வீட்டாரும் தமிழராய் இருந்தனர்; தோட்டந்தோறும் தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. மலாக்கா செட்டிகட்கு இவற்றுள் ஒன்றேனும் கிட்டிற்றில்லை. தமிழைக் காத்த பெருமையில் ஒரு பங்கு சூழலுக்கும் உரியதேயாம்.

மொழி சூழலோடு போயிற்று, வழிபாடு போகவில்லை. சுற்றியிருந்தோர் சமயத்தில் கலந்து மறைந்துபோதல் அவர்க்கு எளிதாகவே இருந்திருக்கும். அவர் அதனை விழையவில்லை. டச்சு அரசினர் அளித்த நிலத்தில் 1781இல் பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பினர். மலேசியாவில் இன்றும் வழிபாடு நடைபெறும் இந்துக் கோயில்களுள் அதுவே மிகப் பழையதென்பர். போகியன்று மறைந்த முன்னோர்க்கு வாழையிலையில் படையல் இடுவர். மறுநாள் பொங்கல் வைப்பர். சாரோங்கும் கெபாயாவும் அணிந்த பெண்டிரும் அவற்றில் ஈடுபடுவர்.

1822இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் அவர் எடுக்கும் பெருவிழாவுக்கு மலாய் மொழியிலேதான் பெயர்: டத்தோ சாச்சார். டத்தோ என்பது பெரியோரைக் குறிக்கும் சொல். சாச்சார் என்பது அம்மை நோய்.