முதல் மனையும் வளரும் அயலும்



கொழும்பு மாநகரில் வாடகை வீட்டில் வாழ்ந்து, மாத ஊதியத்திற் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்து, தமக்கென ஒரு மனையை வாங்கிவிட வேண்டுமென எண்ணுவோர் பலர். காணி வாங்கி வீடு கட்டுதல் பெரும்பாலோர்க்கு எட்டாத காரியமாகிவிட்டமையால், அவர்தம் நாட்டம் தொடர்மாடி மனைகளின்பாற் செல்கின்றது. அங்கும் விலை அச்சுறுத்துகின்றது. ஆகவே, இன்று விலை குறைந்ததாயும் நாளை சிறப்புறுவதாயும் உள்ள பகுதி எது என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்குத் தரகர் ஒரு விடை கூறுவர். விளம்பரங்கள் வேறொரு விடை கூறும். இந்நகரத்தின் வரலாறு கூறும் விடை யாது என்பதையே இன்று ஆராய விழைகின்றோம்.

வரலாறு முதலிற் காட்டும் உண்மை, எந்தப் பகுதியின் சிறப்பும் நிலையானதன்று என்பதாகும். இன்று செல்வர் வாழும் இடமெனப் பெயர்பெற்ற கறுவாத்தோட்டம், ஒல்லாந்தர் காலத்திற் பெயருக்கேற்பக் கறுவாப் பட்டை உரித்த தோட்டமாகவே இருந்தது. 1833ஆம் ஆண்டு ஆங்கில அரசு கறுவா வாணிபத்தில் தான் கொண்டிருந்த தனியுரிமையைக் கைவிட்டது. அதன் பின்னர் கறுவாவின் மதிப்புக் குன்றியது. தோட்டநிலம் காலப்போக்கில் வீட்டுநிலமாயிற்று. 1877ஆம் ஆண்டு நூதனசாலை திறக்கப்பட்டபோது அதனைச் சூழ ஒரு புதிய அயல் உருவாகத் தொடங்கியிருந்தது.

அக்காலத்திற்கு முன்னர் பெருங்குடி மக்கள் விரும்பி வாழ்ந்த இடங்களுள் நகரின் வடபால் அமைந்த முகத்துவாரமும் கொட்டாஞ்சேனையும் அடங்கும். கடற்காற்று வீசும் அப்பகுதியில் அகன்ற முற்றங்களுடன் கூடிய மாளிகைகள் இருந்தன. 1875ஆம் ஆண்டு துறைமுகத்தின் அலைதடுப்பு அணைக்கு முதற்கல் நாட்டப்பட்டது. காலி பெற்றிருந்த கப்பற்றுறைப் பெருமை கொழும்புக்கு வந்து சேர்ந்தது. அதனுடன் நிலக்கரியும், பண்டகசாலைகளும், வண்டிகளின் ஆரவாரமும், தொழிலாளரின் நெருக்கமான குடியிருப்புகளும் வடபாற் பெருகின. செல்வர் தெற்கு நோக்கிப் பெயர்ந்தனர். நகரத்திற்கு ஆக்கந்தந்த அதே துறைமுகம், தன் அயலின் மனைவிலையைத் தாழ்த்திற்று. ஒரு பெரும்பணி வருகின்றது என்ற அளவில் மகிழாது, அது எத்தகைய பணி என்று வினவுதல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தெற்கே கடற்கரையோரமாக இடப்பட்ட புகையிரதப் பாதை இன்னொரு கதையைக் கூறுகின்றது. 1870களின் பிற்பகுதியிற் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வழியாகத் தெற்கே நீண்ட அப்பாதை 1894ஆம் ஆண்டு காலியையும், 1895ஆம் ஆண்டு மாத்தறையையும் அடைந்தது. கோட்டையிலுள்ள அலுவலகத்திற் பணிபுரிபவர் கோட்டைக்கருகில் வாழவேண்டிய தேவையை அது நீக்கிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க இலிகிதர் சேவைக்கு வந்தோர் பலர், நிலையத்திற்கு நடந்து செல்லக்கூடிய தூரத்தில் வெள்ளவத்தையில் வாடகைக்கு அமர்ந்தனர். ஒருவர் வர, அவர் உறவினர் வந்தனர். உறவினர் வர, கடைகள் வந்தன. பிள்ளைகளுக்குப் பாடசாலையும் வழிபாட்டுக்குக் கோயிலும் அமைந்தன. நகரின் ஓரமாயிருந்த வெள்ளவத்தை இவ்வாறே தமிழ்க் குடும்பங்கள் பல தேடிவரும் அயலாயிற்று.

ஆயினும் அக்காலத்து இலிகிதர் ஒருவர் மாடிமனை ஒன்றைத் தம் பெயருக்கு வாங்க எண்ணியிருப்பின், அது கூடுமானதாக இருந்திராது. நம் நாட்டில் வழங்கும் உரோம டச்சுச் சட்டத்தின்படி, நிலத்தோடு பொருந்தி நிற்கும் கட்டடம் நிலத்துக்குரியவரையே சாரும். நிலம் ஒருவருக்கும் அதன்மேல் எழுந்த மூன்றாம் மாடி வேறொருவருக்கும் சொந்தமாதலை அச்சட்டம் அறியாது. 1954ஆம் ஆண்டின் தேசிய வீடமைப்புச் சட்டத்தின் பின்னர் அரசு வீடமைப்பிற் பெரிதும் ஈடுபட்டது. ஆனால் மாடிமனைகளிற் குடியேறியோர் வாடகைக் குடிகளாகவே இருந்தனர்.

இந்நிலை 1970களின் தொடக்கத்தில் மாறிற்று. இன்று வழங்கும் முறைக்கு அடிப்படையாக உள்ளது மாடிமனை உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமாகும். மனை ஒவ்வொன்றும் தனி ஆதனமாகக் காணிப் பதிவகத்திற் பதியப்படவும், படிக்கட்டு, கூரை, நிலம் முதலியவற்றில் ஒவ்வோர் உரிமையாளருக்கும் பிரிவுபடாத பங்கு கிடைக்கவும் அது வழிசெய்தது. 1982, 1999, 2003 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது.

அதே 1973ஆம் ஆண்டிற்றான் வீட்டுடைமைக்கு உச்சவரம்பு விதித்த சட்டமும் நிறைவேறியது. வரம்புக்கு மேற்பட்ட வீடுகளை அரசு பொறுப்பேற்றது. வாடகைக் குடிகள் பலர் தாம் வாழ்ந்த வீட்டுக்கே உரிமையாளராயினர். பல வீடுகளைக் கட்டி வாடகை பெற்று வாழ்ந்தோர் அவற்றை இழந்தனர். ஒரே ஆண்டில் எழுந்த இவ்விரு சட்டங்களும், நகரத்தில் வீடு என்பது வாடகைக்குப் பெறும் பொருள் என்ற பழைய நிலையை மாற்றி, சொந்தமாக வாங்கும் பொருள் என்ற நிலைக்கு வழிதிறந்தன.

வெள்ளவத்தையின் பிற்கால வரலாற்றைத் துயரமின்றிக் கூறவியலாது. 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அங்கும் நகரின் பிற பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்களின் வீடுகள் எரியூட்டப்பட்டன. வாழ்நாட் சேமிப்பைச் சுவராகவும் கூரையாகவும் ஆக்கியோர் அகதி முகாம்களில் நின்றனர். எனினும், போர் நீண்ட ஆண்டுகளில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்தோர் பலர் மீண்டும் வெள்ளவத்தையையே நாடினர். பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு, அவை நின்ற நிலத்தில் மாடிமனைகள் எழுந்தன. உறவும் மொழியும் அருகில் இருத்தல் வேண்டும் என்ற ஆவலும் அவ்விலையில் ஒரு கூறாயிற்று. அந்த ஆவல் எந்த நிலப்படத்திலும் குறிக்கப்படுவதில்லை.

விலையுயர்ந்த வெள்ளவத்தையை விட்டு வெளியே நோக்குவோருக்கு அண்மைக்கால வரலாறும் சில பாடங்களை வைத்திருக்கின்றது. 1982ஆம் ஆண்டு கோட்டேயிற் புதிய பாராளுமன்றம் திறக்கப்பட்ட பின்னர், அதனை அடுத்த பத்தரமுல்லை அரசாங்க அலுவலகங்களின் ஊராக வளர்ந்தது. 2011ஆம் ஆண்டு தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டபோது அதன் வாயிலாகக் கொட்டாவை அமைந்தது. 2021ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய களனிப் பாலம் வத்தளைப் பக்கத்திலிருந்து நகருக்குள் வரும் வழியை இலகுவாக்கிற்று. இவை யாவும் கட்டிமுடிக்கப்பட்டவை.

அறிவிப்போடு நின்றுவிட்டவையும் உள. கோட்டையிலிருந்து மாலபே வரை யப்பானியக் கடனுதவியுடன் அமையவிருந்த இலகு புகையிரதத் திட்டம் 2020ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. வரப்போகும் நிலையத்தை எண்ணி இன்று கூடுதல் விலை கொடுப்பவர், நிலையம் வாராதொழியின் அந்த விலையைத் தாமே சுமக்க நேரிடும். கட்டிமுடிந்த பாதைக்கு விலை கொடுக்கலாம். படத்தில் வரைந்த பாதைக்கு விலை கொடுத்தல் தகாது.

மலிவுக்கும் காரணம் உண்டு. களனி கங்கையின் தாழ்நிலங்கள் நெடுங்காலமாக வெள்ளத்தை அறிந்தவை. 2016ஆம் ஆண்டு மே மாதத்திற் கொலன்னாவை, கடுவெலப் பகுதிகளில் வீடுகள் நீரில் மூழ்கின. அடுத்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து, முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே மலிவான மனையைக் கண்டவர், அவ்வூர் முதியோரிடம் சென்று, மழைக்காலத்தில் நீர் எதுவரை ஏறும் என்று வினவுதல் நன்று. அவ்விடை எந்த விளம்பரத்திலும் கிடையாது.

இறுதியாக உறுதியைப் பற்றி ஒரு சொல். கட்டடம் எழுந்துகொண்டிருக்கும்போதே பணம் செலுத்துவோர் கையிலிருப்பது பெரும்பாலும் விற்பதற்கான ஓர் உடன்படிக்கை மாத்திரமே. மாடிமனைத் திட்டப்படம் முறைப்படி பதியப்பட்ட பின்னரே அம்மனை சட்டத்தின் கண்ணில் தனி ஆதனமாகின்றது. அப்பதிவு முடிந்ததா என்பதை, விற்பவரின் நொத்தாரிசை மாத்திரம் நம்பியிராது, தமக்கென ஒரு நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்திற் பார்ப்பித்தல் வேண்டும். இலிகிதர் தலைமுறை பெறாத உரிமையை நமக்கு அளித்தது அந்தப் பதிவேயாதலின், அதனை அற்பமெனக் கருதுதல் கூடாது.

கொழும்பின் அயல்கள் உயர்ந்தும் தாழ்ந்தும் மீண்டும் உயர்ந்தும் வந்துள்ளன. அவ்வுயர்வை முன்கூட்டியே முற்றாகக் கணிக்க எவராலும் இயலாது. ஆனால், இன்று வேலைக்குச் செல்ல வழியும், பிள்ளைக்குப் பாடசாலையும், நீர் ஏறாத நிலமும், ஐயமற்ற உறுதியும் உள்ள மனை, விலை உயரினும் உயராவிடினும் குடும்பத்திற்குப் பயன்படும். முதல் மனை வாங்குவோர் தேடவேண்டியது முதலில் அதுவே. இலாபம் பின்னர் வருமாயின் வரட்டும்.